இரு முழங்கால்களுக்கும் ஒரே நாளில் அறுவை சிகிச்சையா, தனித்தனியாகவா?

"வலியை ஒரே முறையாகப் பட்டுவிட்டுப் போகிறேன் டாக்டர், இரண்டு காலையும் சேர்த்தே செய்துவிடுங்கள்." மூட்டு மாற்று அறுவை சிகிச்சை பற்றி ஆலோசனை கேட்க வருவோரிடம் நாங்கள் அடிக்கடி கேட்கும் சொற்கள் இவை. உடன் வரும் மகளோ மகனோ வேறொரு கவலையோடு அமர்ந்திருப்பார்: "இந்த வயதில் உடம்பு அதைத் தாங்குமா?" இரண்டு பேச்சிலும் நியாயம் உண்டு. மூட்டுத் தேய்மானம் பெரும்பாலும் இரு முழங்கால்களையும் சேர்த்தே தாக்குவதால், இந்தக் கேள்வி பல குடும்பங்களுக்கு எழுகிறது. அதற்கு எல்லோருக்கும் பொருந்தும் ஒற்றை விடை கிடையாது. ஆனால் விடையை எப்படித் தேடுவது என்பதற்குத் தெளிவான வழி உண்டு. அதனை இந்தக் கட்டுரையில் விளக்க முயல்கிறோம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். இரு மூட்டுகளும் மாற்றப்பட வேண்டியவையா என்பதை முழங்கால்களின் எக்ஸ்ரே படம் காட்டும். அவற்றை ஒரே நாளில் மாற்றலாமா என்பதை அந்தப் படத்தால் சொல்ல முடியாது. இதயம், நுரையீரல், சிறுநீரகம், இரத்தத்தின் அளவு, வீட்டின் நிலை ஆகியவற்றைப் பார்த்தே அதை முடிவு செய்கிறோம்.

அறுவை சிகிச்சையில் நடப்பது என்ன?

முழங்கால் மூட்டு மாற்று என்றவுடன் மூட்டு முழுவதையும் வெட்டி எடுத்துவிடுவதாகப் பலர் அஞ்சுகிறார்கள். உண்மையில், தொடை எலும்பின் கீழ் முனையிலும் கணைக்கால் எலும்பின் மேல் முனையிலும் தேய்ந்துபோன மேற்பரப்பைச் சில மில்லிமீட்டர் அளவுக்குச் செதுக்கி எடுத்து, அவ்விடத்தில் உலோகக் கவசம் பொருத்துகிறோம். இரண்டு உலோகப் பகுதிகளுக்கும் நடுவே உறுதியான பாலிஎத்திலீன் தகடு ஒன்று அமர்கிறது. ஒரு காலுக்குப் பொதுவாக ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் ஆகும். பெரும்பாலானோருக்கு முதுகுத்தண்டில் ஊசி செலுத்தி, இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்துப்போகச் செய்கிறோம்.

இந்தச் சிகிச்சையை மூன்று வகையாகத் திட்டமிடலாம். முதலாவது, ஒரே மயக்க மருந்தில், ஒரே நாளில் இரு மூட்டுகளையும் மாற்றுவது. இரண்டாவது, ஒரே முறை மருத்துவமனையில் தங்கி, சில நாள் இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக மாற்றுவது. மூன்றாவது, ஒரு காலை முடித்து வீடு திரும்பி, நன்றாகத் தேறிய பின், ஆறு வாரங்களோ மூன்று மாதங்களோ அதற்கும் மேலோ கழித்து மறு காலுக்கு வருவது.

ஒரே நாளில் செய்வதன் நன்மைகள்

ஒரே நாளில் செய்துகொள்வோருக்கு மயக்க மருந்து ஒருமுறைதான். மருத்துவமனையில் தங்குவதும் ஒருமுறைதான். இயன்முறைப் பயிற்சியின் கடினமான முதல் வாரங்களையும் ஒரே முறை கடந்தால் போதும். பணியில் இருப்போருக்கு விடுப்பு ஒருமுறை எடுத்தால் போதும். உடன் இருந்து பார்த்துக்கொள்பவரின் சிரமமும் ஒரே காலகட்டத்தில் முடிந்துவிடும்.

மருத்துவ நோக்கிலும் ஒரு முக்கியமான நன்மை உண்டு. சிலருக்கு இரு கால்களும் வில்லாக வளைந்து, முழுவதும் நீட்ட முடியாதபடி மடங்கியே இறுகிப்போயிருக்கும். இவர்களுக்கு ஒரு காலை மட்டும் நேராக்கினால் அந்தக் கால் நீளமாகவும் மற்றது குட்டையாகவும் ஆகிவிடும். மடங்கிய காலுக்கு ஈடுகொடுப்பதற்காகப் புதிய மூட்டையும் மடக்கியே நடக்கப் பழகுவார்கள். அரும்பாடுபட்டு நேராக்கிய மூட்டு மீண்டும் இறுகத் தொடங்கும். இத்தகையோருக்கு, உடல்நிலை இடம் கொடுத்தால், இரண்டையும் சேர்த்து மாற்றுவதே நல்ல பலனைத் தருகிறது.

உடல் தாங்கவேண்டிய சுமை

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். வழக்கமான முறையில் மூட்டின் கோணத்தைச் சரியாக அமைப்பதற்காகத் தொடை எலும்பின் உள்ளே இருக்கும் குழாய் போன்ற பகுதியில் ஒரு நீண்ட கம்பியைச் செலுத்துகிறோம். அந்தப் பகுதியில்தான் எலும்பு மச்சையும் கொழுப்பும் உள்ளன. கம்பி செல்லும்போது நுண்ணிய கொழுப்புத் துகள்கள் இரத்தத்தில் கலந்து, இதயத்தின் வலப்பக்கம் வழியாக நுரையீரலைச் சென்றடைகின்றன. நுரையீரல் அவற்றை வடிகட்டித் தாங்கிக்கொள்கிறது. ஆரோக்கியமான நுரையீரலுக்கு இது பெரும்பாலும் பொருட்டன்று. ஆனால் ஒரே நாளில் இரு தொடை எலும்புகளிலும் இதைச் செய்யும்போது, முதல் சுமையை இறக்கி வைப்பதற்குள் இரண்டாவது சுமை வந்து சேர்கிறது. ஏற்கெனவே பலவீனமான இதயமோ நுரையீரலோ அப்போது தடுமாறக்கூடும். கணினி வழிகாட்டலிலோ ரோபோ உதவியுடனோ செய்யும் முறைகளில் இந்தக் கம்பியைத் தவிர்க்க இயலும். எனினும் மற்றச் சுமைகள் அப்படியே இருக்கின்றன.

அடுத்தது இரத்த இழப்பு. அறுவை அரங்கில் கண்ணுக்குத் தெரியும் இரத்தத்தைக் காட்டிலும், அடுத்த ஓரிரு நாள்களில் மூட்டைச் சுற்றியுள்ள திசுக்களுக்குள் கசிந்து தேங்கும் இரத்தம் அதிகம். இரு கால்கள் என்றால் அந்த இழப்பும் ஏறத்தாழ இரட்டிப்பாகும். டிரானெக்சாமிக் அமிலம் என்ற மருந்து இந்தக் கசிவைப் பெருமளவு குறைக்கிறது. இருந்தும், ஒரே நாளில் இரு மூட்டுகளை மாற்றிக்கொள்வோருக்கு இரத்தம் ஏற்றவேண்டிய தேவை ஒரு மூட்டு மாற்றுவோரைவிட அதிகமாகவே உள்ளது.

மூன்றாவது, காலின் உள்நாளங்களில் இரத்தம் உறைந்து, அந்த உறைகட்டி நுரையீரலுக்குச் செல்லும் அபாயம். இதைத் தடுக்கவே இரத்தம் உறையாதிருக்க மருந்து தருகிறோம், கெண்டைக்காலை அழுத்தும் காலுறை அணிவிக்கிறோம், இயன்றவரை முதல் நாளிலோ மறுநாளிலோ எழுந்து நடக்க வைக்கிறோம். நான்காவது, முதியோருக்கு அறுவைக்குப் பின் சில நாள்கள் தோன்றும் மனக்குழப்பம். இடமும் ஆளும் தெரியாமல் பேசுவதைக் கண்டு குடும்பத்தார் பதறுவதுண்டு. பெரும்பாலும் இது தானாகத் தெளிந்துவிடும் என்றாலும், உடனே செவிலியரிடம் சொல்லவேண்டிய அறிகுறி இது.

இவற்றையெல்லாம் படித்து அஞ்சவேண்டியதில்லை. எந்த முறையில் செய்தாலும் உயிருக்கு ஆபத்து நேர்வது மிக அரிது. ஆயினும் ஒரு மூட்டு மாற்றுவதைவிட ஒரே நாளில் இரண்டு மாற்றும்போது அந்த அரிய அபாயம் கூடுகிறது என்பது உண்மை. அதைச் சொல்லாமல் ஒப்புதல் படிவத்தில் கையொப்பம் வாங்குவது முறையாகாது.

ஒப்பிடும்போது கவனிக்க வேண்டியவை

நோயாளிகள் பலர் வேறு இடங்களில் கேட்டறிந்த ஒப்பீடுகளோடு வருகிறார்கள். அவற்றைக் கையாள இரண்டு குறிப்புகள் தருகிறோம். ஒரே நாளில் இரண்டு மாற்றுவதன் அபாயத்தை ஒற்றை மூட்டு மாற்றுவதோடு ஒப்பிடுவது நியாயமன்று. தனித்தனியே செய்பவர் இரண்டு முறை மயக்க மருந்தையும் இரண்டு முறை அறுவையையும் கடக்கிறார். ஆகவே அந்த இரண்டையும் கூட்டித்தான் ஒப்பிட வேண்டும்.

இதற்கு எதிர்த்திசையிலும் ஒரு பிழை நேரக்கூடும். இரண்டு அறுவைகளையும் தனித்தனியே முடித்தவர்களை மட்டும் எண்ணிப் பார்த்தால், முதல் அறுவைக்குப் பின் சிக்கல் ஏற்பட்டு இரண்டாவதற்கு வராமலே நின்றுவிட்டவர்கள் கணக்கிலிருந்து விடுபட்டுப் போவார்கள். அப்போது தனித்தனி முறை உள்ளபடி இருப்பதைவிடப் பாதுகாப்பானதாகத் தோன்றும். ஆகவே "அந்த முறையே சிறந்தது" என்று யார் அறுதியிட்டுச் சொன்னாலும், "யாருக்கு?" என்ற கேள்வியை உடனே எழுப்புங்கள்.

யாருக்கு எது ஏற்றது?

ஒரே நாளில் இரண்டையும் மாற்றுவதற்கு நாங்கள் தயங்கும் நிலைகள் இவை: 75 வயதைக் கடந்தோர், மாரடைப்பு, இதயச் செயலிழப்பு, கட்டுப்படாத இதயத் துடிப்புக் கோளாறு உள்ளோர், மூச்சுக்குழல் அடைப்பு நோய் முற்றியோர், நுரையீரல் இரத்த அழுத்தம் உயர்ந்தோர், பக்கவாதம் வந்து சென்றோர், சிறுநீரகமோ கல்லீரலோ பழுதடைந்தோர், முன்பு காலிலோ நுரையீரலிலோ இரத்தம் உறைந்தோர், மிகை உடற்பருமன் உடையோர். வயது மட்டுமே தடையாகிவிடாது. நாள்தோறும் நடந்து, மூச்சிரைப்பின்றி மாடி ஏறும் 70 வயதினர், பல நோய்களோடு போராடும் 58 வயதினரைவிடத் தகுதி பெற்றவராக இருக்கலாம். மூட்டு வலியால் நடையே குறைந்துபோனவருக்கு இதயத்தின் குறை வெளியே தெரியாமல் மறைந்திருக்கும் என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும். அதனால்தான் இ.சி.ஜி.யோடு நிறுத்தாமல் எக்கோ பரிசோதனையும் கேட்கிறோம்.

வேறு சில குறைகள் சரிசெய்யக் கூடியவை. இரத்தச்சோகை இருந்தால் முன்கூட்டியே இரும்புச்சத்து தந்து ஹீமோகுளோபினை உயர்த்தலாம். மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு உயர்ந்திருந்தால், அதைக் கட்டுக்குள் கொண்டுவரும்வரை அறுவையைத் தள்ளிப்போடுவது நல்லது; உயர்ந்த சர்க்கரை கிருமித்தொற்றுக்கு வழி திறக்கும். சொத்தைப் பல், சிறுநீர்த் தொற்று, சேற்றுப்புண், குதிகால் வெடிப்பு ஆகியவற்றையும் முதலில் ஆற்ற வேண்டும். அண்மையில் மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். பொதுவாக மூன்று மாதம் கடந்த பின்னரே மூட்டை மாற்றுவது பாதுகாப்பானது.

தனித்தனியே செய்வதன் நிறைகுறைகள்

இடைவெளிவிட்டுச் செய்துகொண்டவர்களுள் பலரும் அறிந்த ஒருவர் முன்னாள் பிரதமர் அடல் பிகாரி வாஜ்பாய். அவருக்கு 2000 அக்டோபரில் இடது முழங்காலும், 2001 ஜூனில் வலது முழங்காலும் மும்பையில் மாற்றப்பட்டன. இடைவெளி ஏறத்தாழ எட்டு மாதங்கள். முதல் அறுவையின்போது அவருக்கு வயது 75.

இந்த முறையில் ஒவ்வொரு முறையும் உடல் தாங்கவேண்டிய சுமை குறைவு. முதல் அறுவையில் உடல் எவ்வாறு நடந்துகொண்டது என்பதை அறிந்து, இரண்டாவதற்கு மருந்துகளையும் ஏற்பாடுகளையும் திருத்திக்கொள்ளலாம். ஒரு கால் புதிதாக இருக்கும்போது மறுகால் உடலைத் தாங்கும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அறுவை செய்த கால் முதலில் என்று நாங்கள் கற்பிப்பது அதனால்தான். இரண்டும் புதிய மூட்டுகளாக இருந்தால் "நல்ல கால்" என்று சொல்ல ஒன்று இருக்காது. சிலருக்கு, மிக மோசமான மூட்டை மாற்றியதும் மறு காலின் பாரம் குறைந்து, இரண்டாவது அறுவையைச் சில ஆண்டுகள் தள்ளிவைக்கவும் முடிகிறது.

குறைகளும் உண்டு. முழுப் பலனை அடையும் நாள் தள்ளிப்போகும். முதல் அறுவையின் வலியை நினைத்து இரண்டாவதற்கு வர மனம் துணியாதவர்கள் உண்டு. மாற்றாத மூட்டு வலித்துக்கொண்டே இருப்பதால் புதிய மூட்டின் பயிற்சியும் தடைபடலாம்.

சில நாள் இடைவெளியில் செய்யும் முறை இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. ஒருமுறை தங்கினால் போதும் என்பது அதன் வசதி. ஆனால் முதல் அறுவையால் குறைந்த ஹீமோகுளோபின் சில நாள்களில் மீண்டிருக்காது. ஆகவே இரண்டாவதற்கு முன் இரத்தப் பரிசோதனையை மீண்டும் செய்து, உடல் தேறியிருப்பதை உறுதிசெய்த பின்னரே தொடர வேண்டும்.

இருவரை எண்ணிப் பார்ப்போம்

விளக்கத்திற்காக இரு நோயாளிகளைக் கற்பனை செய்துகொள்வோம். முதலாமவர், 61 வயதான ஓய்வுபெற்ற ஆசிரியை. இரு கால்களும் வளைந்து, நீட்ட முடியாமல் இறுகிவிட்டன. இரத்த அழுத்தத்திற்கு ஒரே ஒரு மாத்திரை. எக்கோ பரிசோதனை நன்றாக உள்ளது. ஹீமோகுளோபின் 12.5. வீட்டில் கணவரும் மகளும் இருக்கிறார்கள். இவருக்கு ஒரே நாளில் இரண்டையும் மாற்றுவது பொருத்தமான வழி.

இரண்டாமவர், 72 வயதான வணிகர். சில ஆண்டுகளுக்கு முன் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர். மூன்று மாதச் சராசரி சர்க்கரை 9.2 விழுக்காடு. வலது முழங்கால் மிக மோசம். இடது ஓரளவு தாங்குகிறது. மாடி வீட்டில் மனைவியோடு மட்டும் வசிக்கிறார். மனைவிக்கும் இடுப்பு வலி. ஆனால் இவர்தான் இரண்டையும் சேர்த்துச் செய்யும்படி வற்புறுத்துகிறார். காரணம், வெளிநாட்டிலிருந்து மகன் மூன்று வார விடுப்பில் வருகிறார். மீண்டும் எப்போது வருவார் என்று தெரியாது.

இந்தக் காரணத்தை நாங்கள் எளிதாக ஒதுக்கிவிடுவதில்லை. பிள்ளை அருகில் இருக்கவேண்டும் என்ற பெற்றோரின் ஏக்கமும், தந்தையைத் தன் கையால் எழுப்பி நடக்கவைக்க வேண்டும் என்ற மகனின் தவிப்பும் உண்மையானவை. ஆனால் விமானப் பயணச்சீட்டில் உள்ள தேதிக்காக இதயம் தன் வலிமையைக் கூட்டிக்கொள்ளாது. இவருக்கு நாங்கள் சொல்லக்கூடியது இதுதான்: முதலில் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவோம். ஸ்டென்டுக்காகத் தரும் மாத்திரைகளைத் தாமாக நிறுத்தாமல், இதய மருத்துவரின் கருத்தைக் கேட்போம். வலது மூட்டை மட்டும் முதலில் மாற்றுவோம். மகனின் விடுப்பு வீணாகிவிடாது. அந்த மூன்று வாரங்களில் எல்லாப் பரிசோதனைகளுக்கும் அவர் உடன் வரலாம். தரைத்தளத்தில் படுக்கையும் கழிப்பறையும் அமைத்துத் தரலாம். அறுவையின்போது துணையிருக்கக்கூடிய உறவினரை ஏற்பாடு செய்யலாம்.

வீடும் உடனிருப்பவரும்

அறுவை முடிந்து வீடு திரும்பும் நாளைப் பற்றி முன்பே சிந்திக்காத குடும்பங்களே அதிகம் திணறுகின்றன. ஒரே நாளில் இரு மூட்டுகளை மாற்றிக்கொண்டவருக்கு முதல் இரண்டு வாரங்கள் பகலும் இரவும் ஒருவர் அருகில் இருக்கவேண்டும். அந்த ஒருவர் பெரும்பாலும் மனைவியாகவோ மகளாகவோ மருமகளாகவோ இருக்கிறார். அவரால் இயலுமா, அவருக்கு மாற்றாக வேறொருவர் உண்டா என்று அவரிடமே கேட்டறிவது குடும்பத்தின் கடமை. ஆலோசனை அறைக்கு அவரையும் அழைத்து வாருங்கள்.

மேற்கத்தியக் கழிப்பறை, அதன் அருகில் பிடிமானக் கம்பி, போதிய உயரமுள்ள கட்டில், கைப்பிடி வைத்த நாற்காலி, வாக்கர் ஆகியவை அறுவைக்கு முன்பே தயாராக இருக்கட்டும். வழுக்கும் மிதியடிகளை அகற்றுங்கள். சம்மணமிட்டுத் தரையில் அமர்வதையும் குந்துவதையும் இனித் தவிர்க்க வேண்டியிருக்கும் என்பதையும் இப்போதே மனத்தில் கொள்ளுங்கள்.

செலவு

இரண்டையும் சேர்த்துச் செய்தால் செலவு பாதியாகும் என்று எண்ணவேண்டாம். அறுவை அரங்கு, அறை வாடகை, பரிசோதனைகள் ஆகியவற்றில் மிச்சம் உண்டு. ஆனால் செயற்கை மூட்டு இரண்டு தொகுதிகள் வேண்டும். இந்தியாவில் 2017 ஆகஸ்டு முதல் முழங்கால் செயற்கை மூட்டுகளுக்கு அரசு உச்சவரம்பு விலை நிர்ணயித்துள்ளது. அப்போது வழக்கமான கோபால்ட் குரோமியம் வகைக்கு வரி நீங்கலாக 54,720 ரூபாய் என வரையறுக்கப்பட்டது. விலைப்பட்டியலில் செயற்கை மூட்டின் விலையைத் தனியே காட்டும்படி கேட்பது உங்கள் உரிமை. காப்பீடு இருப்பின், அது தனியார் காப்பீடாயினும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாயினும், ஒரே அனுமதியில் இரு மூட்டுகளுக்கும் பொருந்துமா என்பதை முன்கூட்டியே காப்பீட்டு உதவி மையத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஓரிரு நாள் தங்கவேண்டி வந்தால் ஆகும் தொகையையும் கேட்டு வையுங்கள்.

இடையில் நிறுத்தும் முடிவு

ஒரே நாளில் இரண்டும் என்று திட்டமிட்டாலும், முதல் மூட்டு முடிந்ததும் மயக்கவியல் மருத்துவர் நோயாளியின் இரத்த அழுத்தம், ஆக்சிஜன் அளவு, இரத்த இழப்பு ஆகியவற்றை மறுபடி பார்க்கிறார். அவை நிலையாக இல்லாவிட்டால் இரண்டாவதை வேறொரு நாளுக்குத் தள்ளிவைக்கிறோம். வெளியே காத்திருக்கும் குடும்பத்தார் "ஒரு கால்தான் செய்திருக்கிறோம்" என்ற செய்தியைக் கேட்டு மனம் தளர்வது இயல்பு. அது தோல்வியன்று. நோயாளியின் பாதுகாப்பை முன்னிறுத்தி எடுத்த முடிவு அது. ஒப்புதல் படிவத்தில் இதற்கும் இடம் உண்டு. கையொப்பமிடும் முன் அந்தப் பகுதியைப் படித்துக் கேளுங்கள்.

உங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

1. என் இரு மூட்டுகளும் இப்போதே மாற்றவேண்டிய அளவுக்குப் பழுதடைந்துள்ளனவா?
2. என் இதயமும் நுரையீரலும் ஒரே நாளில் இரண்டையும் தாங்கும் என்று மயக்கவியல் மருத்துவர் கருதுகிறாரா?
3. எனக்கு இரத்தம் ஏற்றவேண்டி வருமா? முன்கூட்டியே ஹீமோகுளோபினை உயர்த்த வழி உண்டா?
4. தனித்தனியே செய்தால் எந்தக் கால் முதலில்? எவ்வளவு இடைவெளி?
5. நான் உட்கொள்ளும் மாத்திரைகளில் எவற்றை, எப்போது நிறுத்தவேண்டும்? சித்த, ஆயுர்வேத மருந்துகளையும் சேர்த்துச் சொல்லுங்கள்.
6. வீடு திரும்பியபின் எத்தனை நாள்கள் முழுநேரத் துணை வேண்டும்?

எந்த முறையைத் தேர்ந்தாலும், வீடு திரும்பியபின் திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, கெண்டைக்காலில் வீக்கத்தோடு வலி, காயத்திலிருந்து நீர் அல்லது சீழ் வடிதல், விடாத காய்ச்சல், மனக்குழப்பம் ஆகியவற்றில் ஏதேனும் தோன்றினால் காத்திருக்க வேண்டாம். மூச்சுத்திணறலும் நெஞ்சுவலியும் வந்தால் உடனே 108க்கு அழையுங்கள்.

மூட்டு மாற்று அறுவை சிகிச்சை பெரும்பாலும் அவசரச் சிகிச்சையன்று. யோசிக்கவும், பரிசோதிக்கவும், உடலைத் தயார்செய்யவும் காலம் இருக்கிறது. "ஒரே முறையாக முடிந்துவிடட்டும்" என்ற விருப்பத்தையும் "உடம்பு தாங்குமா" என்ற கவலையையும் சேர்த்தே எங்களிடம் கொண்டு வாருங்கள். இரண்டையும் எடைபோட்டு, உங்களோடும் உங்களைப் பார்த்துக்கொள்பவரோடும் அமர்ந்து முடிவெடுப்போம்.